கிறிஸ்துமஸ் மரத்துக்கு இலைப் பரிசோதனை: அறிக்கையை எதோடு ஒப்பிடுவது?

லாஸ்பேட்டை மாடி:

வணக்கம். எங்கள் வீட்டு வாசலில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் நிற்கிறது, இரண்டு மாடி உயரம். போன கோடையிலிருந்து கிளை நுனிகள் எல்லாம் வெளிறி மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. தண்டை ஒட்டிய பழைய இலைகள் மட்டும் கரும்பச்சையாகவே இருக்கின்றன. பின்தெருவில் ஒரு வீட்டில் இதே மரம், ஏறக்குறைய இதே வயசு, ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது.

மனசு கேட்காமல் இலையையும் மண்ணையும் ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்தேன். தழைச்சத்து (நைட்ரஜன்) 1.1 சதவீதம், குறைவு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) 0.13, குறைவு. துத்தநாகம் குறைவு. இரும்பு மட்டும் மிக அதிகம். மண்ணின் பி.எச், அதாவது அமில-கார அளவு, 8.3. கீழே "யூரியா, டிஏபி இடவும்" என்று எழுதியிருக்கிறார்கள். எந்த மரத்தின் அளவை வைத்துக் குறைவு என்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "பொதுவான அளவு" என்று மட்டும் பதில் வந்தது.

இந்த மரத்தின் சொந்த ஊர் பசிபிக் தீவுகள் என்று படித்தேன். அங்கே நிற்கும் மரத்தின் அளவோடு ஒப்பிட வேண்டுமா, நம் ஊரில் வளர்கிற மரத்துக்கென்று தனி அளவு இருக்கிறதா? ஊற்றுவது போர் தண்ணீர்தான், லேசாக உப்புக் கரிக்கும்.

திண்டிவனம் ரோடு நர்சரி:

அக்கா, நுனி மஞ்சள் என்றால் நுண்ணூட்டக் குறைதான். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, இலையில் ஒட்டுவதற்குச் சோப்புக் கரைசல். சாயங்காலம் அடித்துவிடுங்கள், இரண்டு வாரத்தில் பச்சை திரும்பும். மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) இதைத்தான் செய்கிறோம்.

சவுக்குத்தோப்பு:

குறிஞ்சிப்பாடி பக்கம் எங்களுக்குச் சவுக்குத் தோப்பு உண்டு. சவுக்கும் ஊசியிலை மரம்தானே, அதுவும் வெளியூரிலிருந்து வந்ததுதானே? தழைச்சத்து என்று தனியாக ஒரு பிடி போட்டதில்லை. மணலில் நட்டு முதல் வருஷம் தண்ணீர் காட்டினால் போதும், தானே போகும். இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

மஞ்சக்குப்பத்தான்:

லாஸ்பேட்டை அம்மா, யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள். சோப்புக் கரைசலும் வேண்டாம், காரணம் கடைசியில் சொல்கிறேன். காட்டு மரங்களின் ஊட்டச்சத்து பார்க்கிற ஆய்வகத்தில் வெளிநாட்டில் நெடுநாள் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனசு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊசியிலை மரத்துக்கு இலையில் இவ்வளவு சத்து வேண்டும் என்று புழங்குகிற அட்டவணைகளில் பெரும்பங்கு ரேடியேட்டா பைன் என்ற ஒரே மரத்திலிருந்து வந்தது. கலிஃபோர்னியா கரையோரம் மூன்று சின்னத் துண்டு நிலம், மெக்சிகோவைச் சேர்ந்த இரண்டு தீவுகள், இவ்வளவுதான் அதன் பிறந்த மண். ஆனால் இன்று நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியா, ஸ்பெயின், தென்னாப்பிரிக்கா என்று வெளியூரில் சுமார் 40 லட்சம் ஹெக்டேரில் அது தோப்பாக நிற்கிறது. சொந்த ஊரில் இருந்தவரை அதன் இலையில் துத்தநாகம் எவ்வளவு என்று யாரும் தேடவில்லை. போன இடத்தில் தடுமாறியபோதுதான் தேடினார்கள். ஆஸ்திரேலியாவில் சில தோப்புகளில் நுனி இலைகள் குறுகிக் கொத்தாகிக் குருத்து நின்றுபோனது. 1930களில் துத்தநாகக் கரைசல் தெளித்துப் பார்த்தார்கள், வளர்ச்சி திரும்பியது. நியூசிலாந்தின் வடக்கில் களிமண் நிலத்தில் வருஷக்கணக்காகக் குட்டையாக நின்ற மரங்கள் சூப்பர் பாஸ்பேட் போட்டதும் கிளம்பின. ஜாம்பியா, தான்சானியா பக்கம் வறண்ட மாதங்களில் பைன் குருத்து கருகியதற்குக் காரணம் போரான் பற்றாக்குறை. அட்டவணையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் இப்படி எங்கோ காய்ந்து நின்ற ஒரு தோப்பு இருக்கிறது.

அந்த வகையில் ரேடியேட்டாவுக்கு வந்த அளவு, தழைச்சத்து 1.2 சதவீதத்துக்குக் கீழே போனால் பற்றாக்குறை, 1.5க்கு மேல் இருந்தால் போதுமானது. மணிச்சத்து 0.12க்குக் கீழே போனால் கவலை. போரான் 8 பிபிஎம் (பத்து லட்சத்தில் 8 பங்கு) வரை இறங்கினால் குருத்துக்கு ஆபத்து. இவை கிளையின் உச்சிப் பக்கத்தில், அந்த வருஷம் முளைத்து முழுதாக விரிந்த இலைக்கான அளவுகள். வேறு வயசு இலைக்குப் பொருந்தாது.

உங்கள் மரம் பைனே இல்லை. அது அரௌகேரியா, குடும்பமே வேறு. இலை தடிப்பு, மேலே மெழுகு, வருஷக்கணக்கில் கிளையிலேயே தங்கும். இப்படிப்பட்ட இலையில் நார்ப்பொருள் கூடுதலாக இருப்பதால் உலர் எடையில் தழைச்சத்தின் சதவீதம் இயல்பாகவே குறைவாகத்தான் வரும். 1.1 என்பதை மட்டும் வைத்துப் பற்றாக்குறை என்று சொல்லிவிட முடியாது.

அப்போது சொந்த ஊர் அளவை வைத்துக்கொள்ளலாமா என்றால், அதுவும் பாதிப் பதில்தான். இயற்கைக் காட்டில் ஒரு மரம் குறைந்த சத்தில் மெதுவாக வளர்ந்து நூறு வருஷம் வாழ்ந்துவிடும். அங்கே அதன் இலையில் இருப்பது அதற்குக் கிடைத்த அளவு. வேண்டிய அளவு அதுதான் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெளியூரில் சில சமயம் சொந்த ஊரைவிட அதிகமாகவும் ஏறும். பழைய மேய்ச்சல் நிலத்தில் வைத்த ரேடியேட்டா தழைச்சத்து மிகுந்து தண்டு கோணி வளர்ந்த கதை உண்டு. சிட்கா ஸ்ப்ரூஸ் வட அமெரிக்காவின் மேற்குக் கரை மரம். பிரிட்டனின் கரிமண் மேடுகளில் நட்டபோது மணிச்சத்தும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) பற்றாமல் திணறியது. பக்கத்தில் ஹெதர் புதர் இருந்தால் தழைச்சத்தும் கிடைக்காமல் அப்படியே நின்றுபோனது. மரத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை. மண்ணும் கூட நிற்கும் செடியும் மாறின, இலையின் எண்ணும் மாறிவிட்டது.

அதனால் என் பதில், உங்கள் அளவுகோல் பின்தெரு மரம்தான். அதே இனம், அதே மழை, அதே வெயில். அந்த மரத்து இலையையும் எடுத்து ஒரே நாளில் ஒரே ஆய்வகத்தில் கொடுங்கள். எந்தச் சத்தில் இரண்டும் விலகுகின்றனவோ அங்கே காரணத்தைத் தேடலாம்.

அதற்கு முன் மூன்று கேள்விகள். இலையைக் கழுவிக் கொடுத்தீர்களா? எந்தக் கிளையில், எந்த இலையை எடுத்தீர்கள்? மரத்தைச் சுற்றி என்ன இருக்கிறது, மண்ணா, சிமெண்டா?

பாகூர் போன்சாய்:

ஐயா சொல்வதைக் கேட்டதும் என் பழைய வருத்தம் ஒன்று நினைவுக்கு வருகிறது. கொடைக்கானலிலிருந்து பைன் கன்று கொண்டுவந்து வைத்தேன். உரம், நிழல், வடிகால் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தும் ஊசிகள் ஊதா கலந்த பழுப்பாகி நின்ற இடத்திலேயே நின்று காய்ந்தது. ஆனால் அதே ஊசியிலை வகையான துஜா, ஜூனிபர் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. பைனுக்கு மட்டும் என்ன?

மஞ்சக்குப்பத்தான்:

தம்பி, ஊதா நிறம் பெரும்பாலும் மணிச்சத்துக் குறையின் முகம். பைனைப் பொறுத்தவரை மணிச்சத்தை வேர் மட்டும் தனியாகத் தேடிக்கொள்வதில்லை. வேர் நுனியை உறைபோல் மூடிக்கொள்ளும் ஒரு பூஞ்சைதான் தேடிக் கொடுக்கிறது. அந்தப் பூஞ்சை பைன் காட்டு மண்ணில் இருக்கும், நம் ஊர் மண்ணில் இருக்காது. போர்ட்டோ ரிக்கோ தீவில் பைன் வளர்க்கப் பல முறை முயன்று தோற்றார்கள். 1950களில் அமெரிக்கப் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து கன்றுகளின் வேரில் கலந்த பிறகுதான் அவை வளர்ந்தன. ஆப்பிரிக்காவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் நடந்தது இதுவே. கொடைக்கானலில் பைன் நிற்கிறதே என்றால், அதுவும் நட்ட காடுதான். அங்குள்ள பட்டுலா பைனின் ஊர் மெக்சிகோ. மலைக் குளிர் ஒரு பக்கம், மண்ணில் பூஞ்சை குடியேறிவிட்டது இன்னொரு பக்கம்.

துஜா, ஜூனிபர், அரௌகேரியா மூன்றும் வேறு வகைப் பூஞ்சையோடு கூட்டு வைப்பவை. வேருக்குள்ளேயே வாழும் அந்த வகை, நெல் வரப்பில் முளைக்கிற புல்லிலிருந்து நம் பலா மரம் வரை எல்லாவற்றிலும் இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் அவற்றுக்குத் துணை கிடைத்துவிடும். புதுச்சேரித் தெருக்களில் கிறிஸ்துமஸ் மரம் வளர்வதற்கும் உங்கள் பைன் போனதற்கும் முக்கியமான வித்தியாசம் இதுதான் என்பேன். வெப்பத்தை நான் இரண்டாவதாகத்தான் வைப்பேன்.

சவுக்குத்தோப்புக்கும் ஒரு வார்த்தை. சவுக்கு ஊசியிலை மரம் இல்லை, பூக்கும் மரம். ஊசி என்று நாம் சொல்வது இலையே இல்லை, மெல்லிய பச்சைத் தண்டு. ஒன்றை எடுத்து இரண்டு நுனியிலும் பிடித்து மெதுவாக இழுங்கள், கணுவில் சட்டென்று கழன்று வரும். கழன்ற விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல் பல்லாகச் சின்னச் செதில்கள் வட்டமாக நிற்கும், நாட்டுச் சவுக்கில் பெரும்பாலும் 7 அல்லது 8. அந்தச் செதில்தான் இலை. தழைச்சத்து போடாமல் வளர்வதற்குக் காரணம் வேர் முடிச்சில் இருக்கும் ஃபிராங்கியா நுண்ணுயிர். காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுக்கிறது. ஊசியிலை மரங்களுக்கு அந்த வசதி கிடையாது.

சவுக்குத்தோப்பு:

ஐயா, இப்பவே போய் ஒரு கொத்து எடுத்து இழுத்துப் பார்த்தேன். சரியாக 7. பேரனுக்கும் காட்டினேன். நாற்றங்காலில் பழைய சவுக்கு வேர் முடிச்சை இடித்து மண்ணோடு கலப்போம், எங்கள் அப்பா காலத்திலிருந்து வழக்கம். எதற்கென்று இப்போதுதான் விளங்குகிறது. அப்படியென்றால் எங்கள் தோப்புக்கு வேறு எதுவுமே வேண்டாமா?

மஞ்சக்குப்பத்தான்:

தழைச்சத்து மட்டும்தான் இலவசம். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் மண்ணிலிருந்துதான் வர வேண்டும். நான்கைந்து வருஷத்துக்கு ஒருமுறை கட்டை, மிலாறு எல்லாம் வண்டி ஏறுகிறது. போதாததற்குக் கீழே விழுந்த செத்தையையும் அடுப்புக்கு வாரிவிடுகிறோம். வெட்டின பிறகு அந்தச் செத்தையையாவது நிலத்திலேயே விடுங்கள். தெற்கு ஆஸ்திரேலியா மணலில் ரேடியேட்டாவின் இரண்டாம் போகம் முதல் போகத்தைவிடத் தாழ்ந்துபோனது. முதலில் வெட்டின மிச்சத்தையெல்லாம் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தி, மிச்சத்தை நிலத்தில் விட்டு, களையைக் கட்டுப்படுத்தி, உரமும் கொடுத்தபோது விளைச்சல் மீண்டது. கடலூர் மணலுக்கும் இது பொருந்தும்.

திருவக்கரைக் கல்மரம்:

ஒரு இடைச்செருகல், மன்னிக்கவும். நம் பக்கத்துக்கு ஊசியிலை அந்நியம் என்று முழுதாகச் சொல்ல முடியாது. திருவக்கரை கல்மரப் பூங்காவில் கிடக்கும் மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை. 1781இல் சோன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைப் பற்றி முதலில் எழுதினார். பெரும்பாலானவை பூக்கும் மரங்கள் என்றாலும் போடோகார்ப் குடும்பத்து ஊசியிலைக் கட்டையும் அங்கே அடையாளம் காணப்பட்டிருக்கிறது. அந்தக் குடும்பத்து மரம் ஒன்று இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உயிரோடு இருக்கிறது, நாஜியா வாலிச்சியானா. தென்னிந்தியாவின் ஒரே சொந்த ஊசியிலை மரம் அதுதான், ஆனால் இலை ஊசியாக இல்லாமல் அகலமாக இருக்கும்.

லாஸ்பேட்டை மாடி:

ஐயா, உங்கள் கேள்விகளுக்குப் பதில். இலையைக் கழுவவில்லை, பறித்தபடியே காகித உறையில் போட்டுக் கொடுத்தேன். எட்டுகிற உயரத்தில் அடிக்கிளையில் எடுத்தது, பழசும் புதுசும் கலந்திருக்கும். மரத்தைச் சுற்றி முன்பு மண்தான் இருந்தது. போன வருஷம் கார் நிறுத்துவதற்காகத் தண்டு வரைக்கும் சிமெண்ட் கலவை போட்டு பேவர் பிளாக் பதித்தோம். பின்தெரு வீட்டில் மரத்தடி முழுக்கத் திறந்த மண், மாடித் தண்ணீரும் அங்கேதான் இறங்குகிறது. அவர்கள் போர் தண்ணீர் விடுவதில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மரம் தெற்குப் பக்கம் சாய்ந்திருக்கிறது. சத்துக் குறைவால் வேர் பலவீனமாகிவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. தானே புயலில் இந்தத் தெருவில் எத்தனை மரம் விழுந்தது என்று பார்த்தவர்கள் நாங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:

சாய்வை முதலில் முடித்துவிடுகிறேன், நிம்மதியாக இருங்கள். நம் நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று விற்பதில் பெரும்பாலானவை குக் பைன் (பேரில்தான் பைன், இதுவும் அரௌகேரியாதான்), அதன் உறவான நார்ஃபோக் தீவு மரம் குறைவுதான். குக் பைன் உலகத்தில் எங்கே வைத்தாலும் பூமத்திய ரேகைப் பக்கம் சாய்கிறது. 2017இல் ஐந்து கண்டங்களில் அளந்து வெளியிட்டார்கள், சராசரி சாய்வு 8 டிகிரிக்கு மேல். புதுச்சேரி பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பதால் தெற்கே சாய்கிறது. சத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தரையில் வேர்ப் பக்கம் மண் எழும்பியோ விரிசல் விட்டோ இருந்தால் மட்டும் ஆள் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது பி.எச். அறிக்கையில் 8.3 பார்த்ததும் எல்லோரும் சுண்ணாம்பு மண், அதனால்தான் மஞ்சள் என்பார்கள். ஆனால் குக் பைனின் சொந்த ஊர் நியூ கலிடோனியாவின் கரையோரப் பவளச் சுண்ணாம்பு மேடு. சுண்ணாம்பை மட்டும் வைத்து அது நோகும் என்று நான் நம்பமாட்டேன். உங்கள் வீட்டில் மூன்று விஷயம் ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. வேருக்குக் காற்று அடைபட்டது, சிமெண்ட் கரைசல் இறங்கியது, மழைநீர் போகாமல் உப்புத் தண்ணீர் மட்டுமே போகிறது. போர் தண்ணீரில் உப்போடு பைகார்பனேட்டும் இருந்தால் வேர் இரும்பையும் துத்தநாகத்தையும் எடுப்பது இன்னும் கடினமாகும்.

இரும்பு மிக அதிகம் என்று வந்ததைப் பற்றி. நம் ஊர்ச் செம்மண் தூசியிலேயே இரும்பு நிறைய இருக்கிறது. செதில் செதிலாக இருக்கும் அரௌகேரியா இலையின் இடுக்கில் அது அடைந்துகொள்ளும். ஒரு கிளையைத் தட்டி வெள்ளைத் துணியில் துடைத்தாலே தெரியும். கழுவாமல் அரைத்தால் ஆய்வகம் அளப்பது தெருத் தூசியை. இன்னொரு சிக்கலும் உண்டு. கழுவின இலையிலும் மொத்த இரும்பு சரியாக இருந்து, இலை மட்டும் மஞ்சளாக இருக்கலாம். உள்ளே வந்த இரும்பு பயன்படாத இடத்தில் முடங்கிவிடுகிறது. அதனால் இரும்பின் எண்ணை எப்போதும் கண்ணால் பார்த்ததோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

கண்ணால் பார்ப்பதற்கு ஒரு சூத்திரம். தழைச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் இவை குறைந்தால் மரம் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதுசுக்குக் கொடுக்கும், பழசு முதலில் வெளுக்கும். இரும்பு, துத்தநாகம் அப்படி எளிதாக நகராது, புதுசு முதலில் வெளுக்கும். உங்கள் மரத்தில் நுனி மஞ்சள், உள்ளே பச்சை. தழைச்சத்துக் குறை என்ற முடிவுக்கு மரமே எதிர்சாட்சி சொல்கிறது.

இப்போது சோப்பு. சிட்னி கடற்கரைகளில் நார்ஃபோக் தீவு மரங்கள் 1960, 70களில் வரிசையாகக் காய்ந்தன. கடல் உப்புக் காற்றைத் தாங்கும் மரம் ஏன் கடற்கரையில் சாகிறது என்று யாருக்கும் புரியவில்லை. கழிவுநீரோடு கடலில் கலந்த சோப்புப் பொருள் அலைத் திவலையில் ஏறி வந்து, இலையின் மெழுகுப் பூச்சைக் கெடுத்து, உப்பை உள்ளே விட்டிருக்கிறது. மல்லாட்டைக்குச் சோப்பு ஒட்டும் பொருள், சரி. உப்புக் காற்று வீசும் ஊரில் இந்த மெழுகு இலைக்கு அதை நான் ஒருபோதும் தெளிக்கமாட்டேன்.

திண்டிவனம் ரோடு நர்சரி:

இது எனக்குப் புதுத் தகவல் ஐயா. அப்படியென்றால் அன்னபேதியை மண்ணிலாவது போடலாமா?

மஞ்சக்குப்பத்தான்:

பி.எச் 8க்கு மேல் அன்னபேதி மண்ணில் விழுந்த கொஞ்ச நேரத்திலேயே துருவாகிப் பயனில்லாமல் போகும். கண்டிப்பாக இரும்பு கொடுத்தே ஆக வேண்டும் என்றால் இடிடிஎச்ஏ வகைக் கீலேட்டை (இரும்பைத் துருவாகவிடாமல் பிடித்துவைக்கும் பொருள்) கேட்டு வாங்குங்கள். சாதாரண இடிடிஏ கார மண்ணில் நிற்காது. ஆனால் இரண்டு மரத்து இலையும் வரும்வரை எதுவும் வேண்டாம். உச்சிப் பக்கத்தில் வெயில் படும் கிளையில், இந்த வருஷம் விரிந்த நுனி இலை, இரண்டு மரத்திலும் ஒரே திசையில் எடுங்கள். நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு முக்கு. ஊறவிடக் கூடாது, சாம்பல்சத்து கரைந்துபோகும். சோடியம், குளோரைடு இரண்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள்.

லாஸ்பேட்டை மாடி:

இரண்டு மரத்து அறிக்கையும் வந்துவிட்டது. தழைச்சத்து இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே, பின்தெரு மரத்துக்கும் "குறைவு" என்றுதான் எழுதியிருக்கிறார்கள்! மணிச்சத்திலும் வித்தியாசம் இல்லை. கழுவிக் கொடுத்ததும் இரும்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. துத்தநாகமும் மாங்கனீசும் எங்கள் மரத்தில் தெளிவாகக் குறைவு. சோடியமும் குளோரைடும் எங்கள் மரத்தில்தான் பல மடங்கு. ஐயா, என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பத்தான்:

நன்றாக எடுத்திருக்கிறீர்கள் அம்மா, இதைவிடத் தெளிவான அறிக்கை கிடைக்காது. யூரியா, டிஏபி இரண்டும் தேவையில்லை என்பதை பின்தெரு மரமே சொல்லிவிட்டது. கிளை விரிவுக்குக் கீழே எவ்வளவு முடியுமோ அவ்வளவு பேவர் பிளாக்கைப் பெயர்த்து, அடியில் உள்ள சிமெண்ட் கலவையையும் வெளியே எடுங்கள். கடப்பாரை போடும்போது மேல்வேர் அறுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே காய்ந்த சருகை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போடுங்கள், தண்டை ஒட்டிக் குவிக்க வேண்டாம். மாடித் தண்ணீரை ஒரு குழாய் வைத்து அங்கே திருப்பிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கினால் உப்பு வேருக்குக் கீழே போய்விடும். தேங்கி நிற்காமல் வடிவதற்கு வழி விடுங்கள். கோடையில் போர் தண்ணீரைத் தவிர்க்க முடியாத நாளில், கொஞ்சம் கொஞ்சமாகத் தினம் ஊற்றாமல் ஒரே தடவையாக நிறைய ஊற்றுங்கள்.

ஏற்கெனவே மஞ்சளான இலை முழுப் பச்சைக்குத் திரும்பாமல் போகலாம். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், இனி வருகிற குருத்தைப் பாருங்கள். மழைக்குப் பிறகு வரும் புதுக் குருத்தும் வெளிறியே இருந்தால் அப்போது துத்தநாகம் பற்றிப் பேசலாம்.

நம் ஊரில் குளிர்கால ஓய்வு என்று ஒன்று மரத்துக்குக் கிடையாது, அதனால் எந்த மாதம் எடுத்தாலும் இலையின் எண் கொஞ்சம் ஆடும். தை மாதம் என்று வைத்துக்கொண்டால் வருஷா வருஷம் தையிலேயே எடுங்கள். இந்தத் தடவை எடுத்த கிளைகளின் அடியில் இரண்டு மரத்திலும் பெயிண்டால் ஒரு வளையம் போட்டுவையுங்கள், அடுத்த தடவை அதே கிளைகளில் எடுக்க வசதியாக இருக்கும். பின்தெரு வீட்டுக்காரரிடமும் அறிக்கையில் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.